கம்பியைப் பிடித்த கை

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தேவிட்டது.

வியட்நாமின் ஆற்றுத் துறைமுக நகரில், கான் ஹொய் பாலத்துக்கு அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில், மர பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள் நூர் நிஷா. உள்ளே அவள் கணவன் ஹாஜா மைதீனின் வலது கையிலிருந்து துணி சுற்றுச் சுற்றாகக் கழன்றுகொண்டிருந்தது. கப்பல் துறையில் பழுதான கிரேனைச் சரிசெய்யும்போது, அதன் பல்சக்கரத்தில் சிக்கி மோதிர விரலும் சுண்டு விரலும் போய் ஒரு மாதம் ஆகிறது.

ஆனால் நிஷாவின் மனம் அந்தக் கையில் இல்லை. நேற்று மாலை வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்ணிடம் இருந்தது.

அவள் கிரேன் ஓட்டும் ஹாயின் மனைவி. கவனமில்லாமல் கிளட்ச் கம்பியை இழுத்து ஹாஜாவின் கையை நசுக்கியவன் என்று வேலையிலிருந்து துரத்தப்பட்டவன்தான் ஹாய். வந்தவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "அன்றைக்கு என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தார். அவர் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று உங்கள் தம்பியைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

தம்பி. சேக் தாவூது. வாப்பா மவுத்தான பிறகு நிஷா தன் பிள்ளை போல வளர்த்த தம்பி. ஹாஜாதான் அவனைத் தன்னோடு கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டிருந்தார்.

"உள்ளே வாங்கம்மா" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

ஹாஜா கையை மேஜை மேல் வைத்திருந்தார். தையல் போட்ட இடம் ரோஜா நிறத்தில் பளபளத்தது. நிஷா பார்வையைத் திருப்பிக்கொள்வாள் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். அவள் குனிந்து நன்றாகவே பார்த்தாள்.

"மூடுங்கள்" என்றார் டாக்டர்.

மூன்று விரல்கள் மெதுவாக மடங்கின. ஹாஜாவின் நெற்றியில் வியர்வை கோத்தது.

"திறங்கள்."

திறந்தன.

"நல்லா இருக்குல்ல?" என்று ஹாஜா மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்பானர் புடிக்கிறதுக்குப் பெருவிரல்தான் முக்கியம் புள்ள. அது எங்கேயும் போவல."

"இப்போதைக்கு ஸ்பானரைத் தொடவே கூடாது" என்றார் டாக்டர்.

"தொடல டாக்டர். கொஞ்ச நாளைக்கு வாயால வேலை பார்க்கிறேன்."

காயத்தின் மேல் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றி அனுப்பினார்கள். வெளியே மழை விட்டிருந்தது. 1966-ஆம் ஆண்டின் மழைக்காலம் அது. சண்டைக்கு வேண்டிய சாமான்களும், ஊர் சாப்பிட வேண்டிய அரிசியும் ஒரே ஆற்றில் வந்து குவிந்துகொண்டிருந்தன. சரக்கிறக்க இடமில்லாமல் கப்பல்கள் ஆறு நெடுக வரிசையாகக் காத்துக்கிடந்தன. ஒரு கிரேன் நின்றால் பத்துப் பேர் கத்தினார்கள்.

"நான் அப்படியே பட்டறைப் பக்கம் போய்ட்டு வந்துர்றேன்" என்றார் ஹாஜா.

நிஷா நின்றுவிட்டாள். "இன்னைக்கேவா?"

"ஓங் சின் ஆள் அனுப்பியிருக்கார். என் கையைத் தின்ன அதே சக்கரம் மறுபடியும் புட்டுக்கிச்சாம். அரிசிக் கப்பல் துறையில நிக்குது. என்ன ஏதுன்னு பார்த்துட்டாவது வரேன்."

ஓங் சின் பட்டறையின் முதலாளி. ஓங் என்றால் ஐயா, சின் என்றால் ஒன்பது. வீட்டில் பிறந்த வரிசையைப் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது விட்டுச்சென்ற இரண்டு கிரேன்களை வாங்கி, சத்தம் போட்டே தொழிலை வளர்த்தவர்.

"ஏங்க, அந்தச் சக்கரத்துக்குள்ள இன்னைக்கு யாரு கைய விடப் போறாஹ?"

கேள்வி ஹாஜாவைச் சுருக்கென்று தைத்தது. மூன்று சக்கர மிதிவண்டியான சிக்லோ ஒன்றை இடது கை நீட்டி நிறுத்தினார்.

*

நிஷா வீட்டுக்குள் நுழைந்தபோது பரண் ஏணி சாத்தியிருந்தது. மேலே யாரோ நடமாடும் சத்தம். தாவூது ஒரு மாதமாக வீட்டில் தங்குவதில்லை. வேலை இருக்கிறது, பள்ளிவாசலில் படுத்துக்கொண்டேன் என்று ஏதாவது சொல்லி நழுவிக்கொண்டிருந்தான்.

"தாவூது."

சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து, கித்தான் பையொன்றைத் தோளில் மாட்டியபடி ஏணியில் இறங்கினான். இருபத்து மூன்று வயசு முகத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எங்கே கிளம்பிட்டே?"

"தானாங்குக்கு லாத்தா. அங்கே அமெரிக்காக்காரன் விமானத் தளத்துல மெக்கானிக் வேலை நிறையக் கெடைக்குதாம். மச்சான்கிட்ட நீயே சொல்லிரு."

"என்னன்னு சொல்ல?"

"வேலைக்குப் போய்ட்டான்னு."

"ஹாய் இறங்கிப் போனப்போ அவர் இடத்துல ஒக்காந்தவன் பயந்து ஓடிட்டான்னு சொல்லவா?"

பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. தாவூது அதை எடுக்கவில்லை. ஏணியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"யாரு சொன்னா லாத்தா?"

"யாரு சொன்னா என்ன? நீ சொல்லலியே."

அவன் பேச ஆரம்பித்தபோது, குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "மச்சான் பின்பக்கம் சக்கரத்துல கைய வெச்சுக்கிட்டு இருந்தாஹ. நடுவுல இரும்புத் தகடு. அஹளுக்கு நான் தெரிய மாட்டேன், எனக்கு அஹ தெரிய மாட்டாஹ. அஹ கொரல் ஹாய்க்கு எட்டாது. எனக்குத் தமிழ்ல சொல்றத நான் வாங்கி, ஹாய்க்கு வியட்நாம் பாஷையில எடுத்துச் சொல்லணும், அதான் என் வேலை. ஹாய் தண்ணி குடிக்க எறங்குனாரு. ரெண்டு நிமிசம்தானேன்னு நான் ஏறி ஒக்காந்தேன். எஞ்சின் அலறுது லாத்தா. மச்சான் 'போதும்'னாஹ. எனக்கு 'போடு'ன்னு கேட்டுச்சு."

நிஷா அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

போதும். போடு. இவ்வளவுதானா?

"போட்டுட்டேன்" என்றான் தாவூது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "மச்சான் அலறுன சத்தம் இன்னும் காதுல இருக்கு. இறங்கி ஓடுனேன். நான்தான் தூக்குனேன், நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாரும் ஹாய்தான் இழுத்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. தண்ணி குடிக்க எறங்கினேன்னு அவர் சொன்னத யாரும் நம்பல. அப்போ வாயத் தொறக்கல. அப்புறம் தொறக்கவே முடியல."

நிஷாவுக்கு அவனை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"காது ஏமாத்திருச்சு. அது யாருக்கும் நடக்கும்" என்றாள். "ஆனா ஒரு மாசமா ஒரு மனுசன் செய்யாத தப்புக்கு வீட்ல ஒக்காந்திருக்கான். அதுக்குக் காது காரணம் இல்ல தாவூது."

"மச்சான் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"ரெண்டு கண்ணையும் தொறந்துதான். எழுந்திரு. தானாங்குக்குப் போறதுன்னா போ, நான் தடுக்கல. போறதுக்கு முன்னாடி ஒன் மச்சான்கிட்ட ஒன் வாயால சொல்லிட்டுப் போ."

"நீ சொல்லிரேன் லாத்தா."

"மாட்டேன்" என்றாள் நிஷா. அடுப்படியில் காலையிலேயே ஆக்கி வைத்திருந்த சோற்றையும் மீன் குழம்பையும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் இன்னும் சாப்பிடல. நட."

*

பட்டறை வாசலில் இறங்கியதுமே ஹாஜாவின் காதில் அந்த எஞ்சின் சத்தம் விழுந்தது. ஒரு மாதம் கழித்துக் கேட்கிறார். உடம்பு அதற்கு முன்பே கேட்டுவிட்டது போலக் கை தானாக மார்போடு ஒட்டிக்கொண்டது.

அதற்காக அவர் நிற்கவில்லை.

துறை ஓரத்தில் கிரேன் நின்றது. புதிதாகச் சேர்ந்த பிட்டர் ஒருவர் பின்பக்கம் மண்டியிட்டு, முழங்கை வரை சக்கரப் பெட்டிக்குள் விட்டிருந்தார். சக்கரத்தின் துளையும் வடம் சுற்றும் உருளையின் துளையும் நேருக்கு நேர் வந்தால்தான் இணைப்பு ஊசியை அடிக்க முடியும். அதற்காக எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சைத் தொட்டுத் தொட்டு உருளையை இம்மி இம்மியாக நகர்த்துவார்கள். உள்ளே விரலை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். ஹாஜாவும் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்துவந்தார். அந்த ஆற்றங்கரையில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

"கையை எடு!" என்று வியட்நாம் மொழியில் கத்தினார் ஹாஜா.

யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஓடிப்போய்ப் படியேறி, ஹாய்க்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி ஓட்டுபவர் அறைக்குள் எட்டி, இடது கையால் எஞ்சினை நிறுத்தினார்.

திடீரென்று ஆற்றின் சத்தம் கேட்டது. பிட்டர் தலையைத் தூக்கி, பயந்துபோய்க் கையை வெளியே இழுத்தார். முழுசாக இருந்தது.

கொட்டகையிலிருந்து ஓங் சின் வெளியே வந்தார். கால்சட்டை, பனியன், தலையில் ஒரு பழைய தொப்பி.

"ஹாஜா! கை எப்படி இருக்கு?" என்று மலர்ந்தவர், அடுத்த மூச்சில் முகம் சிவந்தார். "எஞ்சினை ஏன் நிறுத்தின? கப்பல் நிக்குது தெரியுதா?"

ஹாஜா இறங்கி வந்து, துணியை விலக்கிக் கையை அவர் முன்னால் நீட்டினார். பட்டறையில் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஓங் சின் ஆஸ்பத்திரிக்குச் சீத்தாப்பழக் கூடையோடு வந்தவர்தான். அப்போது கட்டுப் போட்டிருந்தது. இப்போது அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

"இனிமே எஞ்சின் ஓடும்போது யார் கையும் உள்ளே போகக் கூடாது ஓங் சின்" என்றார் ஹாஜா. "கொக்கியைத் தரையில இறக்கணும். எஞ்சினை நிறுத்தணும். கிளட்ச் கம்பியைச் சங்கிலியால கட்டிப் பூட்டணும். உருளையை வெளியிலிருந்து கடப்பாரையால நெம்பித் திருப்பலாம்."

"கடப்பாரையா? பொழுது போயிடும்!"

"போகாது. நான் நிக்கிறேன்."

"ஹாஜா, உனக்கு நடந்தது கஷ்டம்தான். அதுக்குக் காரணமானவனை அனுப்பிட்டேன். கவனமில்லாத ஒருத்தனுக்காகத் தொழிலையே மாத்த முடியுமா?"

ஹாய் கவனமான ஆள். மழையில் வழுக்கும் மூட்டையைக் கூட முட்டை போல இறக்கி வைப்பவர். அவர் எப்படி அப்படிச் செய்தார் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதெல்லாம் ஹாஜா யோசித்துப் பார்த்திருந்தார். விளங்கவே இல்லை.

"அவர் இல்ல மச்சான். நான்தான்."

தமிழில் வந்த குரல். ஹாஜா திரும்பினார்.

வாசலில் சிக்லோ நின்றது. தூக்குச்சட்டியோடு நிஷா. அவளுக்கு முன்னால் தாவூது. கன்னம் நனைந்திருந்தது. ஆனால் பார்வை தரையில் இல்லை, நேராக ஹாஜாவின் மேல் இருந்தது.

"கம்பிய இழுத்தது நான் மச்சான். நீங்க போதும்னீஹ. நான் போடுன்னு கேட்டுக்கிட்டேன்."

பிறகு எல்லாருக்கும் புரியும்படி, வியட்நாம் மொழியில் ஓங் சின்னைப் பார்த்து முழுவதையும் இன்னொரு தரம் சொன்னான். ஹாய் தண்ணீர் குடிக்கப் போனதை, தான் ஏறி உட்கார்ந்ததை, பிறகு வாயை மூடிக்கொண்டதை.

வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஜா ஒரு அடி முன்னால் வந்தார். வலது கை மேலே உயர்ந்தது.

"இந்தக் கையால அடிக்க முடியாது" என்றார் ஹாஜா. "முடிஞ்சா இன்னைக்கு அடிச்சிருப்பேன் ஒன்ன."

கையை இறக்கிவிட்டு, விடுவிடுவென்று நடந்து ஆற்றங்கரைத் தண்டவாளத்தின் மேல் போய் உட்கார்ந்தார்.

நிஷா கொஞ்சம் பொறுத்து அவரருகில் போய் நின்றாள்.

"ஒனக்கு எப்போ தெரியும்?" என்று ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"நேத்து சாயந்தரம். ஹாய் வீட்டுக்காரி வந்து சொன்னா."

"காலையில ஆஸ்பத்திரியில பக்கத்துல நின்னியே. ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்ல வேண்டியது நான் இல்லீங்க. நான் சொல்லியிருந்தா, அவன் ஆயுசுக்கும் ஒங்கள நேராப் பார்த்திருக்க மாட்டான். நீங்களும் அவன மன்னிச்சிருக்க மாட்டீஹ."

"இப்ப மட்டும் மன்னிச்சிட்டேனா?"

"அது ஒங்க இஷ்டம். நான் அதைக் கேக்க வரல. சோறு கொண்டாந்திருக்கேன்."

ஹாஜா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தது. அதன் நடுவே, இந்தப் பெண் தன் தம்பியின் கையைப் பிடித்து இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறாள் என்ற நினைப்பும் வந்தது. அது எவ்வளவு கனமான வேலை என்பது அவருக்குத் தெரியும்.

"கை போனதுக்கு அவனைக் கோவிச்சுப் பிரயோசனம் இல்ல" என்றார் மெதுவாக. "ஓடுற எஞ்சினை நம்பி விரலை உள்ள வெச்சவன் நான்தான். ஆனா ஹாய் வீட்ல ஒரு மாசமா அடுப்பு எப்படி எரிஞ்சுச்சோ. நானும் அவர்தான்னு நம்பிட்டேனே புள்ள."

எழுந்தார்.

*

திரும்பி வந்தபோது ஓங் சின் தாவூதைத் திட்டிக்கொண்டிருந்தார். ஹாஜாவைக் கண்டதும், "சரியாப் போச்சு! ஹாய் இல்லேன்னா இவன். இவனை இப்பவே வெளியே அனுப்பறேன். வேலை நடக்கட்டும்" என்றார்.

"இவன் போனா இன்னொருத்தன் வருவான்" என்றார் ஹாஜா. "எஞ்சின் அதே மாதிரி அலறும். அவனுக்கும் ஏதாவது ஒண்ணு தப்பாக் கேக்கும். நீங்க எத்தனை பேரை அனுப்புவீங்க?"

ஓங் சின் தொப்பியால் கழுத்தை விசிறிக்கொண்டார்.

"தாவூது" என்றார் ஹாஜா. ஒரு மாதமாகக் கண்ணில் படாமல் திரிந்தவனை இப்போதுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "ஹாய் வீட்டுக்குப் போ. அவங்க வாசல்ல நின்னு, எங்ககிட்ட சொன்னதை அவர் வீட்டுக்காரிக்கும் சேர்த்துச் சொல்லு. கூட்டிக்கிட்டு வா. வரமாட்டேன்னா நான் வந்து கூப்பிடறேன்னு சொல்லு."

தாவூது ஓடினான்.

அவன் போனதும் ஹாஜா சாமான் கொட்டகைக்குப் போனார். கதவில் தொங்கிய பெரிய பித்தளைப் பூட்டைத் திறந்து, சாவியோடு எடுத்து வந்தார்.

"என் கொட்டகைக்குப் பூட்டு?" என்று பதறினார் ஓங் சின்.

"நீங்களே வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காருங்க. ஒங்களை விடப் பெரிய பூட்டு எதுக்கு?"

வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். ஓங் சின் முறைத்தார். பிறகு அவர் உதடும் கோணியது. முணுமுணுத்தபடி நிஜமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹாய் வந்தார். உயரமான மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், வேலைக்கு வருகிறவர் போல இல்லாமல். ஹாஜா முன்னால் போனார்.

"என்னை மன்னிச்சுக்குங்க ஹாய் அண்ணே. நீங்கதான்னு நம்பிட்டேன்."

ஹாய் அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நானும் ஒங்களைப் பார்க்க வந்திருக்கணும். வந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு வரல." தாவூதின் பக்கம் அவர் திரும்பவில்லை. "இவனோட கணக்கை அப்புறம் பேசிக்கலாம். என்ன வேலை?"

ஓங் சின் நாற்காலியிலிருந்து எழுந்து போய், கிரேன் அறையின் கதவை ஹாய்க்குத் திறந்துவிட்டார்.

கொக்கி தரையில் இறங்கியது. எஞ்சின் ஏற்கெனவே ஓய்ந்திருந்தது. கிளட்ச் கம்பியைச் சங்கிலி சுற்றி இருக்கையின் இரும்புக் காலோடு இறுக்கி, பூட்டைப் போட்டார் ஹாஜா. கம்பியை இழுத்துப் பார்க்கும்படி ஹாயிடம் சொன்னார். அசையவில்லை.

"யார் கையை விடறது?" என்று கேட்டார் புதிய பிட்டர்.

"தாவூது."

நிஷா நிமிர்ந்து பார்த்தாள். மேலே அமர்ந்திருப்பது ஹாய். ஒரு மாதம் செய்யாத குற்றத்தைச் சுமந்தவர். கீழே கையை விடப்போகிறவன் அதைச் சுமக்க விட்டவன்.

தாவூதும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். ஒரு கணம் அண்ணாந்து ஹாயைப் பார்த்தான். ஹாய் பதிலுக்குப் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஹாஜா சாவியைத் தாவூதின் சட்டைப் பையில் போட்டு, மேலே தட்டினார். "எவன் கை உள்ளே இருக்கோ, சாவி அவன் பையில. நான் கேட்டாலும் குடுக்காத. முதலாளி கேட்டாலும் குடுக்காத. கையை எடுத்து, பத்து விரலையும் பார்த்துக்கிட்டு, அப்புறம் நீயே போய்த் தொற."

தாவூது மண்டியிட்டான். கை சக்கரப் பெட்டிக்குள் போனது.

இரண்டு பேர் வெளியே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். உருளை முனகியபடி நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லாததால் சாதாரணக் குரலில் பேசினாலே போதுமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஒரு மயிரிழை மச்சான்..."

"அவசரம் இல்ல. மெதுவாச் சொல்லு."

"போதும்" என்றான் தாவூது.

கடப்பாரை நின்றது. உருளை நின்றது. துளையும் துளையும் நேராக நின்றன. தாவூது கையை வெளியே எடுத்தான். கிரீஸ் பூசிய விரல்களை மடக்கி நீட்டினான். ஹாஜா இடது கையால் ஊசியைப் பிடிக்க, அவன் சுத்தியலால் அடித்தான். அதே போல இரண்டாவது ஊசியும் இறங்கியது.

ஓங் சின் பயந்தது போலப் பொழுது போகவில்லை. சாயந்தரத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு முன்பே பூட்டுத் திறந்து, எஞ்சின் உறுமி, முதல் அரிசிக் கட்டு கப்பலின் வயிற்றிலிருந்து மேலே எழுந்தது. ஹாய் அதை வளைத்துக் கொண்டுவந்து கரையில் சத்தமில்லாமல் இறக்கினார்.

"முட்டை மாதிரி!" என்று நாற்காலியிலிருந்தே கத்தினார் ஓங் சின். தன்னுடைய யோசனை அது என்பது போல எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

கொட்டகை நிழலில் நிஷா தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஒரு மாதமாகக் கரண்டியால் அவள் ஊட்டித்தான் ஹாஜா சாப்பிட்டார். இன்றும் கரண்டியை எடுத்தாள். ஹாஜா அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, துணியை மணிக்கட்டு வரை தள்ளிவிட்டுக்கொண்டு, இடது கையால் தண்ணீர் ஊற்றி மூன்று விரல்களைக் கழுவினார். பிஸ்மி சொல்லிச் சோற்றைப் பிசைந்தார். பாதி சிந்தியது. மீதி வாய்க்குப் போனது.

"குழம்புல உப்பு கம்மி" என்றார்.

"ஒரு மாசமா அப்படித்தான் இருக்கு. இன்னைக்குத்தான் தெரியுதாக்கும்?" என்றாள் நிஷா. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஹாஜா இரண்டாவது தட்டைத் தாவூதின் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. தானாங்கு எங்கேயும் ஓடிடாது."

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

துறைமுகக் காவல் ஜீப். இளம் லெஃப்டினன்ட் ஒருவர் இறங்கினார். கஞ்சி போட்ட சீருடை, கையில் பிரம்பு. பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். கப்பல் வேலையை நிறுத்துபவர்களைச் சண்டைக் காலத்தில் எதிரியின் ஆள் என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள் என்பது கான் ஹொய்யில் எல்லாருக்கும் தெரியும். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை என்பதும் தெரியும்.

"காலையில் இந்தக் கிரேனை நிறுத்தச் சொன்னது யார்?"

யார் போய்ச் சொன்னார்கள்? இத்தனை சீக்கிரம் எப்படித் தெரிந்தது? நிஷா கணவனின் சட்டையைப் பிடித்தாள். ஹாஜா அவள் கையை விலக்கி, தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது.

"நான்" என்றது ஒரு குரல்.

ஓங் சின் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"இது என் கிரேன். ஓட்டுறதும் நான், நிறுத்துறதும் நான். சக்கரம் புட்டுக்கிச்சு, நிறுத்திச் சரிபண்ணினேன். இப்போ அரிசி இறங்குது. கண்ணு தெரியலையா?"

"ஐயா, நிறுத்தினது..." என்று ஆரம்பித்தார் ஹாஜா.

"என் பட்டறையில நான் பேசும்போது நீ குறுக்கே வராத!" என்று சீறினார் ஓங் சின். அவர் அப்படிச் சீறி எல்லாரும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை யாரும் அசையவில்லை.

லெஃப்டினன்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரம்பால் ஜீப்பைக் காட்டினார். "ஏறுங்கள். அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள்."

ஓங் சின் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். ஜீப்பில் ஏறுமுன் திரும்பினார்.

"ஹாஜா, ரெண்டாவது கிரேனுக்கும் ஒரு பூட்டு வாங்கு. கொட்டகைப் பூட்டைத் திருப்பி மாட்டு. நான் இல்லேன்னு எவனாவது உள்ளே கையை விட்டான்னா, வந்து தோலை உரிச்சிடுவேன்."

ஜீப் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது.

பட்டறை அப்படியே உறைந்து நின்றது. வேலையாட்கள், புதிய பிட்டர், தாவூது, நிஷா, எல்லாருடைய கண்களும் ஹாஜாவின் மேல் இருந்தன. கிரேனின் கொக்கியில் ஓர் அரிசிக் கட்டு பாதி உயரத்தில் தொங்கியது. கீழே சுற்றிலும் யாருமில்லை.

மேலேயிருந்து ஹாய் தலையை நீட்டினார்.

"தூக்கவா, நிறுத்தவா?"

ஹாஜா ஜீப் போன திசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஹாயின் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு நடந்து வந்து நின்று, சோறு ஒட்டிய வலது கையை எல்லாரும் பார்க்க உயர்த்தி, மூன்று விரலால் மேலே காட்டினார்.

கட்டு எழுந்தது.